பம்ப் ரூம் பக்கத்துச் செடி

ஜூன் 9

அன்பு வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா? அவருடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற பழக்கம் மட்டும் முற்றிவிட்டது.

உங்கள் குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடைத்தாலும் இதைக் கடிதமாகத்தான் எழுதியிருப்பேன். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

செடிகளின் டிஎன்ஏவைப் படித்து, எது எதற்கு உறவு, எது எப்போது பிரிந்து போனது என்று சொல்வது என் வேலை என்று உனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்துத் தடுப்பணைக்கு மேலே பாறைகளில் பச்சையாக அப்பிக்கொண்டிருக்கிறதே, எல்லோரும் பாசி என்பார்கள், அது பூக்கிற செடி. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் துறையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்தச் செடிக் குடும்பத்துக்கே புத்தகம் எழுதியவர். அவர் என் முடிவை நம்பவில்லை. புதிதாகச் செடி எடுக்க வேண்டும், எடுப்பது நானாக இருக்கக் கூடாது, எடுப்பவருக்கு என் முடிவு என்ன என்று தெரியவே கூடாது என்கிறார். நியாயமான நிபந்தனைதான். தெரிந்தால் கை தானாக வளைந்துவிடும்.

இடது கரையில் பத்து, வலது கரையில் பத்து எடு. ஒவ்வொன்றையும் தனிப் பொட்டலத்தில் போட்டு, கரையும் எண்ணும் எழுது. புதுச் செருப்புப் பெட்டிக்குள் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் மணிகள் இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்துக்கு ஒரு கைப்பிடி. கையுறை போட்டுக்கொள். ஏன், எதற்கு என்று கேட்காதே. அந்தச் செடியைப் பற்றி உனக்குத் தோன்றுவது எதையும் எழுதவும் எழுதாதே.

ஒன்று மட்டும் சொல்லலாம். என் ஏழு வருஷ உழைப்பு உன் இருபது பொட்டலத்தில் இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் அக்டோபர் கடைசிக்குள் கட்டுரையை நானே திரும்பப் பெற வேண்டும். எங்கள் தொழிலில் அதைவிடத் தலைகுனிவு கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பாறை வழுக்கும்.

உன் அண்ணி


ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான். லிஃப்ட் உள்ள உத்தியோகம் கேட்கிறார். பம்ப் ரூமுக்கு லிஃப்ட் வைக்க நான் எங்கே போவேன்? அண்ணன் கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்கக் கூடாது என்றால் நீங்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். பேசாமல் இரு என்று சொன்னால் எனக்கு வயிறு உப்பிவிடும் என்று இத்தனை வருஷத்தில் தெரியாதா? இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். மூன்று நாள், ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்பு, பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் வடிந்திருந்தது. நடைபாலத்தின் நடுவில் நின்று பார்த்து, முதலில் இடது கரை பத்து. மறுநாள் வலது கரை பத்து. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்தேன். எங்கள் நிலையத்து ஜீப்காரர் வந்து பார்த்துவிட்டு, "மேடம், நாம காசு குடுத்துச் சுரண்டித் தள்றதை நீங்க கையுறை போட்டு எடுக்கறீங்களே" என்றார். அறிவியல் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அந்தச் செடியைப் பற்றி ஒன்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எழுதாதே என்றீர்கள். விழுங்கிவிட்டேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாலு


ஜூலை 15

அன்பு வாலுவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கயிற்று யோசனையைப் படித்துக் காட்டினேன். உன் அண்ணன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. இருபதும் மொறுமொறுவென்று காய்ந்து, எழுத்து அழியாமல், ஒன்று கூடக் கசங்காமல். எங்கள் ஆய்வு மாணவர்கள் அனுப்புவதைப் பார்த்தால் நீ அழுவாய். பெரியவர் தானே பிரித்தார். உன் எண்களை மறைத்துத் தன் எண்களை ஒட்டினார். எந்தக் குழாயில் எந்தக் கரைச் செடி என்று இப்போது எனக்கும் தெரியாது. ஒரு சிட்டிகை இலையைப் பொடித்து, கரைத்து, சுழற்றி, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூலை எடுத்து மெஷினுக்குள் விட வேண்டும். முடிவு வர ஆறு வாரம் ஆகும்.

அதுவரை எனக்குத் தூக்கம் வராது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அலுத்துக்கொள்ளாமல் கொடு.

உன் அண்ணி


ஆகஸ்ட் 30

வாலுவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

முடிவு வந்துவிட்டது. இனி உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் ஆற்றில் இருப்பது ஒரே செடி என்று நூறு வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது. பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஏழு வருஷம் முன்பு லீவுக்கு அங்கே வந்தபோது இரண்டு கரையிலும் நான் எடுத்துப் போனேனே, அவற்றின் டிஎன்ஏ வேறு கதை சொன்னது. இடது கரைச் செடியும் வலது கரைச் செடியும் கூடப்பிறந்தவை இல்லை. ஒன்றுவிட்ட உறவு கூட இல்லை. பல லட்சம் வருஷத்துக்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்டு போன இரண்டு குடும்பங்கள். ஒரே தண்ணீரில் அடிபட்டு அடிபட்டு ஒரே முகம் வந்துவிட்டது. இதுதான் என் கட்டுரை.

உன் இருபது பொட்டலத்திலும் அதே இரண்டு வகைதான், பத்துக்குப் பத்து. ஆனால் தலைகீழாக. நான் இடது கரை என்று சொன்ன செடி உன் பொட்டலத்தில் வலது கரையில் இருக்கிறது. வலது கரைச் செடி இடது கரையில். பெரியவர் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு வகை இருக்கலாம். ஆனா எது எங்கே வளருதுன்னு ஒரு தடவை ஒண்ணு சொல்றீங்க, மறு தடவை வேற சொல்றீங்க. சீட்டு மாறிப்போன செடியை வச்சு இனம் பிரிக்க முடியாதும்மா" என்றார்.

என் சீட்டுகள் மாறவில்லை. அது எனக்கு நிச்சயம். அப்படியென்றால் உன் வீட்டு மேசையில்தான் மாறியிருக்கிறது. குவித்து வைத்து எழுதினாயா? மூன்றாம் நாள் எண்ணினேன் என்றாயே, அப்போது கலந்ததா? இந்த மாதிரி வேலையில் பழகாத ஒருத்தியிடம் இதை ஒப்படைத்தது என் தப்பு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளிடம் இதை எதிர்பார்த்திருக்கக் கூடாது.

பதில் எழுது.

அண்ணி


செப்டம்பர் 21

அன்பு வாலுவுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்கு நான் எழுதியதன் நகலை உன் அண்ணன் நேற்றுதான் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுல ஒருத்தரைத்தான் மேல படிக்க வைக்க முடியும்னாங்க. அவதான் என்னைவிட நல்லாப் படிச்சவ. நீ போன்னு அவளாத்தான் விட்டுக்குடுத்தா." கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் இதை எனக்கு நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

திட்டியாவது எழுது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் அண்ணி


(அக்டோபர் 3 அன்று வந்த பார்சலுக்குள் இருந்த தாள்)

பொருள்: தடுப்பணைச் செடி, இரண்டாம் முறை எடுத்தது. மொத்தம் இருபது பொட்டலம்.

பொட்டலம் 1: இடது கரை. பம்ப் ரூம் படிக்கட்டின் கடைசிப் படியிலிருந்து நான்கு அடி. தண்ணீர் முழங்கால் அளவு.
பொட்டலம் 2 முதல் 9: இடது கரை. ஒன்றாம் எண் மதகுக் கதவிலிருந்து மேல்நோக்கி, இரண்டு அடிக்கு ஒன்று. தண்ணீர் தொடை அளவு.
பொட்டலம் 10: இடது கரை. பம்ப் ரூம் சுவரையொட்டிய பாறை.
பொட்டலம் 11 முதல் 19: வலது கரை. சாய்ந்த மரத்தின் கீழ், இரண்டாம் எண் கதவுப் பக்கம். தண்ணீர் இடுப்பு அளவு.
பொட்டலம் 20: வலது கரை. மேற்படி இடம். தண்ணீர் மார்பு அளவு. கயிறு கட்டி இறங்கியது.

ஒவ்வொன்றும் எடுத்த இடத்திலேயே, அடுத்ததைத் தொடும் முன், சீட்டு எழுதி ஒட்டப்பட்டது. ஜூனிலும் இப்படியேதான் செய்யப்பட்டது. பம்ப் ரூம் இருபது வருஷமாக இடது கரையில்தான் இருக்கிறது. இடம் மாறவில்லை.

நிலையக் கண்காணிப்பாளர், சாயங்கால ஷிஃப்ட்


அக்டோபர் 6

என் அன்பு வாலுவுக்கு,

நீ நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன். மார்பளவு தண்ணீரில் கயிறு கட்டி இறங்கியவளைக் கேட்கிறேன். இனி அப்படி இறங்காதே.

உன் தாளை நின்றபடியே படித்தேன். 'பம்ப் ரூம் இடது கரையில்' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். பம்ப் ரூம் வலது கரையில் இருக்கிறது.

எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: ஆறு ஓடும் திசையைப் பார்த்து நில், உன் இடது கைப் பக்கம் இடது கரை. எந்த நாட்டு வரைபடத்திலும் அதுதான் வழக்கம். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ நடைபாலத்தில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாய்? தண்ணீர் வரும் பக்கத்தைத்தானே? அப்படியென்றால் உன் இடது என் வலது. நாற்பது பொட்டலமும் சரி. ஒன்று கூட மாறவில்லை.

என்னை மன்னித்துவிடு. சீட்டு மாறியதற்கு உன் படிப்பைக் காரணம் சொன்னேன். எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டியது நான். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு உன்னைப் போய்ச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியவரிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். முதலாவது: "அங்கே வழக்கமே இதுதானா, இல்லை இப்போ சமாளிக்கச் சொல்றீங்களா? பழைய ஆதாரம் இருக்கா?" இரண்டாவது இன்னும் கஷ்டமான கேள்வி: "மெஷின் இல்லாம ஆத்தங்கரையில நிக்கறவனுக்கு இது வேற அது வேறன்னு எப்படித் தெரியும்? தெரியாதுன்னா இனம்னு எப்படிச் சொல்றது?" பூவை அளந்துவிட்டேன், விதையை அளந்துவிட்டேன், இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கெடு மாதக் கடைசி வரைதான்.

முதல் கேள்விக்காவது உன்னால் உதவ முடியுமா? முடியாது என்று சொன்னாலும் தப்பில்லை.

உன் அண்ணி


அக்டோபர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். சளி பிடித்து விட்டுவிட்டது. வீட்டுக்காரர் எனக்கு ஒத்தடம் கொடுத்தார், அலுத்துக்கொண்டே. நீங்களும் அண்ணனும் சௌக்கியம்தானே?

கோபம் இருந்தது. மறைக்கப்போவதில்லை. பத்தாவது என்ற வார்த்தையை வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாது என்று கடிதத்தைப் பம்ப் ரூம் மோட்டார் கவருக்குள் ஒளித்து வைத்தேன். மூன்று வாரம் உங்களுக்கு எழுத உட்கார்ந்து எழுதிக் கிழித்தேன். கடைசியில் வார்த்தை வேண்டாம், பொட்டலம் போகட்டும் என்று தண்ணீரில் இறங்கினேன். அண்ணன் பழைய கதையைச் சொல்லியிருக்க வேண்டாம். யாரும் என்னைத் தள்ளவில்லை. ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். நாங்கள் தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்த்துத்தான் நிற்போம். மரம் வருகிறதா, மாடு வருகிறதா, வெள்ளம் வருகிறதா என்று பார்ப்பதற்குத்தானே சம்பளம்? போகிற தண்ணீருக்கு முதுகைக் காட்டினால் போதும். ஓடிப்போகிறதைப் பார்த்து நின்று யாருக்கு என்ன லாபம் என்று உங்கள் வரைபடக்காரர்களைக் கேளுங்கள். நிலையம் திறந்த வருஷத்துக் கதவுப் பதிவேட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்து, எங்கள் இன்ஜினியர் முத்திரையோடு அனுப்பியிருக்கிறேன். 'ஒன்றாம் எண் கதவு, இடது, பம்ப் ரூம் பக்கம்' என்று இருக்கிறது. மை கூட மங்கிவிட்டது. சமாளிப்பதற்காக யாரும் இருபது வருஷத்துக்கு முன்பே எழுதிவைக்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அண்ணி, ஜூனில் நான் விழுங்கினேனே, அது இதுதான். அவை இரண்டும் வேறு வேறு என்று எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்.

இரண்டு கதவுக் கம்பிகளிலும் அந்தச் செடி ஏறிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். பம்ப் ரூம் பக்கத்தில் இருப்பது நார்ப் பிரஷ்ஷால் தேய்த்தாலே தோல் உரிவது போல் வந்துவிடும். எதிர்க்கரையில் இருப்பது அசையாது. இரும்புச் சுரண்டிதான் வேண்டும். அப்படியும் பெயின்ட்டோடு சேர்ந்துதான் வரும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதே "இந்தப் பக்கம் பிரஷ், அந்தப் பக்கம் சுரண்டி" என்றுதான். வருஷா வருஷம் சாமான் பட்டியலில் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குகிறேன். அந்தப் பட்டியல் நகலும் உள்ளே இருக்கிறது. பூவையும் விதையையும் அளந்தீர்கள். அது பாறையை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தீர்களா?

பாறைச் சில்லோடு இரண்டிலும் கொஞ்சம் பெயர்த்து அனுப்பியிருக்கிறேன். பெரியவரையே சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வாலு


டிசம்பர் 12

என் அருமை வாலுவுக்கு,

நலம், நலம், நலம். உன் சளி திரும்பி வரவில்லையே?

பாறைச் சில்லு வந்ததும் கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதம் வாங்கினேன். இரண்டையும் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். ஏழு வருஷமாக நான் இலையைக் கிள்ளி எடுத்தேனே தவிர, அடியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பம்ப் ரூம் பக்கத்துச் செடியின் அடியில் மெல்லிய ஒரே வரிசை ரோமம், அவ்வளவுதான். எதிர்க்கரைச் செடியில் ஒவ்வொரு ரோமமும் நுனியில் நான்கைந்தாகப் பிரிந்து விரல் போலப் பாறையைக் கவ்வியிருக்கிறது. நாற்பது பொட்டலத்தையும் பார்த்தேன். ஒன்று கூடத் தப்பவில்லை. டிஎன்ஏ எப்படிப் பிரித்ததோ அதே பிரிவு.

நேற்று என் கட்டுரை நிற்குமா என்று முடிவு செய்யும் விசாரணைக் கூட்டம். பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒரு பிரஷ்ஷும் ஒரு சுரண்டியும் வரவழைத்தார். எழுபத்தெட்டு வயதில், பத்துப் பேர் முன்னால், மூச்சு வாங்கத் தேய்த்தார். முதல் சில்லு ஒரே இழுப்பில் வெறுமையானது. இரண்டாவதில் பிரஷ்தான் தேய்ந்தது. சுரண்டியை எடுத்தார். பிறகு அதையும் வைத்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருஷமா ஒண்ணுன்னு எழுதிட்டேன். ரெண்டுதான். என் புத்தகத்தை நானே திருத்தறேன்." அறையில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. புதிதாக, பெரிதாக அச்சாகிறது. ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பெயர் உன்னுடையது. உன்னைக் கேட்காமல் போட்டேன். வேண்டாம் என்று எழுதினாலும் எடுக்கமாட்டேன். கூட்டத்தில் ஒருவர், "ரெண்டாவது ஆசிரியர் எந்தப் பல்கலைக்கழகம்?" என்றார். நீரேற்று நிலையம், சாயங்கால ஷிஃப்ட் என்றேன். அப்படியே அச்சடிக்கச் சொன்னார் பெரியவர்.

உன் அண்ணன் தெருவில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைத் தேடுவதைக் கூட நிறுத்திவிட்டார்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சௌக்கியம். முழங்கால் கூட இந்த வாரம் சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே?

அச்சுப் பிரதியை ஜீப்காரர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பதினான்கு பக்கத்தில் என் பெயரும் நிலையத்தின் பெயரும்தான் புரிந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு பம்ப் ரூமுக்குப் போய், நான்கு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்ததால், சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? வீட்டுக்காரர் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார், கொஞ்சம் கோணலாக. நான் சரி செய்யவில்லை.

நான் சொன்னால் இனி கேட்பார்கள் என்ற தைரியத்தில் ஒன்று சொல்கிறேன். மேல் பாறை ஒன்று இருக்கிறது, தண்ணீர் மூன்றாகப் பிரியும் இடத்தில். அதன் மேல் இருப்பதும் இதே முகம்தான். ஆனால் பிரஷ்ஷுக்கும் வராது, சுரண்டிக்கும் வராது. வெயிலில் ஒரு நாள் காய்ந்தால் தானாகக் கழன்று, ஈரம் பட்டதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இது அந்த இரண்டும் இல்லை என்று என் கண் சொல்கிறது. பத்துப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் வரும் பக்கம் பார்த்து நின்றேன் என்று ஒவ்வொரு சீட்டிலும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மெஷின் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் வாலு


மார்ச் 19

வாலு,

சுகம் விசாரிக்க நேரில் வருகிறேன், அதனால் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

பத்தும் வேறு. முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை. இரண்டுக்கும் முன்பே தனியாகப் பிரிந்து போனது. முடிவை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், மெஷின் நீ சொன்னதையே சொல்கிறது.

முடிவுத் தாளைப் பெரியவரிடம் கொடுத்தேன். படித்து முடித்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நாலாவது இருக்கான்னு அவங்களைக் கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "கடுதாசியில கேட்டா ஒரு மாசம் ஆகும். எனக்கு வயசாகுது, நேர்லயே போயிடலாம்" என்றார்.

அடுத்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை வண்டியில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். நோட்டுப் புத்தகம் அவரிடம், பொட்டலங்கள் என்னிடம், உன் அண்ணனிடம் கயிறு. எந்தப் பாறையில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நீ சொல். சொல்கிறபடி நிற்கிறோம்.

உன் அண்ணி